கும்மிடிப்பூண்டி மனைப்பிரிவில் என் மூன்றாவது ஜெட்

என்னுடைய முதல் ஜெட் மாதவரம் பக்கத்தில் ஓர் ஏரியில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. கடைசியாகப் பார்த்தபோது செங்குன்றம் திசையில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவதைச் செய்து முடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. அதைப் பறக்கவிடத்தான் போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டிக்குப் போனோம். அந்தப் பக்கம் போக நினைக்கும் சக பைத்தியங்களுக்காக வழி, நேரம், செலவு எல்லாம் எழுதுகிறேன். நடுவில் என் மானமும் கொஞ்சம் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனோம் என்றால் நானும் என் மனைவி கலைச்செல்வியும். தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை, எட்டடிக்கு ஒன்பதடியில் ஒரு சின்ன ரூம். ரூம் முழுக்க என் தெர்மோகோல், பசை, ஒயர். கலை ஹாலில் உட்கார்ந்து ஊருக்கே ரவிக்கை தைக்கிறாள். சாப்பிட இலை போடும்போதெல்லாம் மெஷினை நகர்த்த வேண்டும், சாப்பிட்டதும் திரும்ப இழுக்க வேண்டும். பதினோரு வருடமாக இதே கூத்து. இரண்டாவது ஜெட் காணாமல் போன அன்று அவள் ஓர் ஒப்பந்தம் போட்டாள்.

"மூணாவதும் வுழுந்துச்சுன்னா ரூமு எனக்கு. ஒத்துக்கிறியா?"

ஒத்துக்கொண்டேன். அதனால்தான் அவளும் கூட வந்தாள். தனியாகப் போனால் நான் திரும்பி வந்து "லேசா தரை தட்டிச்சு" என்று கதை விடுவேனாம். நேரில் பார்த்தால்தான் நம்புவாளாம்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இது ரிமோட்டில் ஓட்டும் மாதிரி விமானம். இந்த வகை ஜெட்டுக்கு வெளியே இறக்கை விசிறி கிடையாது. உடம்புக்குள் ஒரு குழாய், குழாய்க்குள் எழுபது மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்ன விசிறி. பேட்டரியில் மிக்ஸி மாதிரி கத்திக்கொண்டு சுற்றும். முன்னால் காற்றை உறிஞ்சிப் பின்னால் தள்ளும். பார்க்க அசல் போர் விமானம். ஆனால் கையால் வீசினால் ஏறாது, புல்லில் ஓடாது, நல்ல தார் ரோடு வேண்டும். ஒரு பேட்டரிக்கு மூன்றரை நிமிடம்தான் ஆயுசு. எடை பேட்டரியோடு சேர்த்து ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம்.

சென்னையில் ஆளில்லாத தார் ரோட்டுக்கு எங்கே போவது? அதற்கும் ஒரு வழி உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டினால் மனைப்பிரிவுகள். வாசலில் பெரிய வளைவு, உள்ளே முப்பதடி ரோடு, இரண்டு பக்கமும் கல் நட்ட மனைகள், ஒரு வீடு கிடையாது. நான் பார்த்து வைத்தது இருநூற்று நாற்பது மீட்டர் நேர் ரோடு. அத்திப்பட்டு மின்நிலையத்துப் பக்கமிருந்து வரும் பெரிய கம்பிகள்கூட ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் போகின்றன. மனை உரிமையாளரிடம் வெள்ளிக்கிழமையே போனில் அனுமதி வாங்கிவிட்டேன்.

காலை ஐந்து நாற்பது ரயில். தண்டையார்பேட்டையிலிருந்து ஆளுக்குப் பத்து ரூபாய். இறக்கைகளைக் கழற்றிப் பையில் வைத்து, மூன்றேமுக்கால் அடி இருக்கும் உடம்பைப் போர்வையில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டேன். எண்ணூரில் கூடையோடு ஏறிய ஓர் அம்மா கொஞ்ச நேரம் போர்வையையே பார்த்தார்.

"இன்னா நைனா, கொயந்தைக்கு உடம்பு சரியில்லயா?"

"கொயந்த இல்லக்கா, ஏரோப்ளேனு" என்றாள் கலை.

அவர் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். மீஞ்சூரில் இறங்கும்போது என்னைப் பார்க்காமல் கலையை மட்டும் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆறு ஐம்பதுக்குக் கும்மிடிப்பூண்டி. ஸ்டேஷன் எதிரில் நாஷ்டா, இட்லியும் வடகறியும், இருவருக்கும் நூற்றுப் பத்து ரூபாய். வடகறிக்காகவே இன்னொரு முறை போகலாம். அங்கிருந்து மனைப்பிரிவு ஏழு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் ஏழுமலை இருநூறு கேட்டார். முன்பு இரும்புக் கம்பித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். மனைப்பிரிவில் இறக்கிவிடும்போது போர்வைக்குள் என்ன என்று தெரிந்ததும், திரும்பும் சவாரிக்குக் காத்திருப்பதாகச் சொல்லி ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டார்.

"ராக்கெட்டு வுடுற எடம் அந்தாண்ட கீது சார், ஸ்ரீஹரிகோட்டா. நீ இன்னா இங்கயே எறங்கிட்ட?"

வாசலில் காவலாளி பாஷா பாய். பழவேற்காட்டுக்காரர், காவல் வேலையோடு மனை காட்டும் வேலையும் பார்ப்பவர். அனுமதி வாங்கியதைச் சொன்னேன், தலையாட்டினார். ஆனால் புருஷன் பெண்டாட்டியாகக் காலையில் வருகிறவர்கள் ஏரோப்ளேன் விட வருவார்கள் என்பதை அவர் மனம் ஏற்கவில்லை. "அம்மா, கெழக்கு பாத்த மனை ரெண்டு கீது, சும்மா வந்து பாருங்க" என்று கலையை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவளும் ரூமுக்கு அலையும் ஆள்தானே, போனாள்.

நான் வேலையைத் தொடங்கினேன். ஜெட்டைப் பொறுத்தவரை எடை எங்கே உட்கார்கிறது என்பதுதான் உயிர். இறக்கைக்குக் கீழே இரண்டு புள்ளி குறித்திருப்போம். விரல் நுனியை அங்கே வைத்துத் தூக்கினால் மூக்கு லேசாகத் தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் கதை முடிந்தது. இதை நான் சனிக்கிழமை மாலையே வீட்டில் பார்த்துவிட்டேன். நூல் பிடித்த மாதிரி நின்றது. களத்தில் இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வீட்டில் பார்த்தது போதாதா என்ற திமிர் எனக்கு.

முன்சக்கர ஒயரைச் சரிபார்க்க மூக்கு மூடியைத் திறந்தேன். நுரைப்பஞ்சுக்குப் பின்னால், மூக்கு நுனியில், குங்குமம் வைத்த எலுமிச்சம்பழம் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"அண்ணி வெச்சிருப்பாங்க சார். புது வண்டின்னா சக்கரத்துக்கு அடியில வெச்சு ஏத்தணும்ல?" என்றார் ஏழுமலை.

நியாயம்தான். என் ஸ்கூட்டருக்கும் அப்படித்தான் செய்தோம். பழத்தை முன்சக்கரத்தின் கீழ் வைத்து ரிமோட்டில் விசையைத் தள்ளினேன். இரண்டு கிலோ தேறாத ஜெட், பழத்தின் மேல் பாதி ஏறி, நின்று, பின்னால் இறங்கியது. மூன்று முறை முயன்றோம். பழத்துக்கு ஒரு கீறல் இல்லை. "சகுனத்த பாதியில வுடக்கூடாது சார்" என்று ஏழுமலை ஆட்டோவைக் கிளப்பி, பின்னால் வந்து, ஒரே ஏற்று. பழம் சட்னி.

கலை திரும்பி வந்து ரோட்டோரம் நின்றாள். ஏழு ஐம்பது, காற்று இல்லை. முழு விசை கொடுத்தேன். ஜெட் ஓடியது, நூறு மீட்டரில் தரையை விட்டது, விட்டதும் மூக்கை வானத்துக்கு நிமிர்த்தியது. இறக்கினால் குப்புறப் பாய்ந்தது, தூக்கினால் மறுபடி நிமிர்ந்தது.  நாற்பது விநாடி மல்லுக்கட்டிவிட்டு, அறுவடை முடிந்த பக்கத்து வயலில் வைக்கோல் குவித்திருந்த இடமாகப் பார்த்துத் திருப்பிவிட்டேன். பொத்தென்று சத்தம் கேட்டது.

"வுழுந்துச்சு" என்றார் பாஷா பாய்.

"இன்னா பாய் நீ, எறங்கிச்சு. வைக்கோல்ல வெச்சாரு பாரு" என்றார் ஏழுமலை.

நான் ஏழுமலை கட்சி. ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் அங்கே இல்லை. கலை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாளடியில் ஓடிக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஜெட்டை மடியில் வைத்துக்கொண்டு, விரிந்த மூக்குக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"எங்கயா அது?"

"எது?"

"எலுமிச்சம்பழம். வெள்ளிக்கெயம அம்மன் கோயில்ல மந்திரிச்சு வாங்கியாந்து உள்ள வெச்சேன். இது வுழக்கூடாதுன்னு வேண்டிக்கினு."

நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். வேறு வழியில்லை, சொல்லிவிட்டேன்.

"சாமி பழத்த ஆட்டோ ஏத்தியா நசுக்குன? உனுக்கு மூளன்னு ஒண்ணு கீதா?"

அவள் திட்டிக்கொண்டிருக்க, எனக்கு மண்டைக்குள் கணக்கு ஓடியது. வெள்ளிக்கிழமை பழம் உள்ளே போயிருக்கிறது. சனிக்கிழமை நான் எடை பார்த்தது பழத்தோடு. ஐம்பத்தைந்து கிராம் இருக்கும், அதுவும் மூக்கு நுனியில். அதை எடுத்தால் எடைப்புள்ளி பதின்மூன்று மில்லிமீட்டர் பின்னால் போகும். ஜெட் பாம்பு மாதிரி படம் எடுத்தது அதனால்தான்.

கணக்கு முடிந்த பிறகுதான் மற்றது உறைத்தது. விழுந்தால் ரூம் இவளுக்கு. பதினோரு வருடம் மெஷினை இழுத்த பெண்ணுக்கு, ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டி நின்றிருந்தாலே ரூம். இவளோ விழக்கூடாது என்று கோயிலுக்குப் போயிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள்மேல் அத்தனை பிரியமாகவும் இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல், "மூக்குதான் விரிஞ்சிருக்கு, ஒட்டிடலாம்" என்றேன்.

ஏழுமலை செய்த பாவத்துக்குப் பரிகாரமாக முழு மூச்சில் இறங்கினார். கோணிய முன்சக்கரக் கம்பியைக் குறடால் ஐந்தே நிமிடத்தில் நேராக்கினார். நான் மூக்கைப் பசையும் டேப்பும் போட்டுச் சேர்த்தேன். எடைக்கு என்ன செய்வது என்று விழித்தபோது, நெடுஞ்சாலைப் பஞ்சர் கடையில் கார் சக்கரத்துக்கு ஒட்டும் ஐந்து கிராம் எடை வில்லைகள் கிடைக்கும் என்று அவரே போய் வாங்கி வந்தார். போக வர ஆறு கிலோமீட்டர், காசு வாங்க மறுத்துவிட்டார். பதினோரு வில்லை ஒட்டினேன். இந்த முறை களத்திலேயே விரலில் தூக்கிப் பார்த்தேன். கலையும் ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள். மூக்கு லேசாகத் தாழ்ந்து நின்றது.

ஒன்பது பத்துக்கு, வேறு பேட்டரி போட்டு, இரண்டாவது ஓட்டம். சாந்தமாக எழும்பியது. இடது பக்கம் திருப்பினேன், திரும்பியது. சிப்காட் புகைபோக்கிகள் பின்னணியில் ஒரு சுற்று, தாழ்வாக எங்கள் முன்னால் ஒரு சீறல். பாஷா பாய் "யா அல்லாஹ்!" என்று தொப்பியைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது நிமிடம் தரையிறக்கினேன், ரோட்டின் நடுவில், ஒரே ஒரு குதியோடு.  ஏழுமலை என்னைத் தூக்கியே விட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம், ரோட்டில் தண்ணீர் நிற்கும். காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரைதான் காற்று அடங்கியிருக்கும். உரிமையாளர் அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள், வான்வெளி விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள், தொழிற்சாலைக் கூரைகளின் மேல் பறக்கவிடாதீர்கள். குடிநீர் கொண்டு போங்கள், அங்கே கடை கிடையாது. எடைப்புள்ளியைக் களத்தில் பாருங்கள். மூக்குக்குள் எது இருந்தாலும், யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று கேட்காமல் எடுக்காதீர்கள்.

திரும்பும் ரயிலில், பொன்னேரி தாண்டியதும், தீர்ப்பு என்ன என்று மெதுவாகக் கேட்டேன்.

"வுழுந்துச்சு. பாய் சொன்னதுதான் கரெக்டு" என்றாள்.

 அன்று மாலையே மெஷினை ரூமுக்குள் தூக்கி வைத்தேன். என் சாமான்கள் மூன்று அட்டைப்பெட்டியாகிக் கட்டிலுக்கு அடியில் போயின. ஜெட்டைப் பரணில் வைக்கலாம் என்று மறுநாள் வேலை முடிந்து வந்து தேடினால் ஹாலில் காணோம். ரூமைத் திறந்தேன். தைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. அவள் மெஷினுக்கு நேர் மேலே, கூரையில் புதுசாக அடித்த இரண்டு கொக்கியில், ஜெட் மூக்கு லேசாகத் தாழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.