ஒன்பதாம் பகுதியில் பூஜ்யம்

அலுவலகத்தில் அவளுக்கு 'ஆனாலும்' என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு கூட்டத்தில் எல்லாம் முடிந்தது என்று ஆளாளுக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த நேரத்தில், கடைசி வரிசையிலிருந்து "ஆனாலும்..." என்று ஒரு சன்னக் குரல் வந்தது. எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்து இன்னும் ஒன்றே கால் மணி நேரம் பேச வேண்டியதாயிற்று. அன்று ஒட்டிய பெயர். ஒன்பது வருடமாகியும் உரியவில்லை. அவளும் உரிக்க முயன்றதில்லை.

சிப்பை வடிவமைப்பவர்கள் வேறு. அவர்கள் வடிவமைத்ததில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது இவள் வேலை. நகத்தளவு சிலிக்கானில் கோடிக்கணக்கான சுவிட்சுகள். அவற்றின் வரைபடம் ஆலைக்குப் போய்விட்டால் அப்புறம் ஒரு கம்பியைக்கூட நகர்த்த முடியாது. போவதற்கு முன் பார்த்தால்தான் உண்டு.

இதை வீட்டில் புரியவைக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறார். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

"அப்படின்னா அடுத்தவங்க செஞ்சதுல குறை கண்டுபிடிக்கிறதுதான் வேலையா?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா."

"அதுக்கு ஏன்டி நாலு வருஷம் படிச்சே? உங்க அத்தையைக் கூட்டிட்டுப் போயிருந்தா இந்நேரம் மேனேஜர் ஆகியிருப்பாங்களே."

அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். அத்தை அவருடைய அக்கா.

இந்தத் தடவை அவர்கள் கையிலிருந்தது காது கேட்கும் கருவிக்கான சிப். காதுக்குப் பின்னால் ஒட்டி உட்காரும் கருவி, அதில் பட்டாணி அளவு பேட்டரி. அந்த பேட்டரி நாள் முழுக்கத் தாங்க வேண்டும். எனவே சிப்பின் பதினான்கு பகுதிகளும் வேலையில்லாதபோது தூங்கும்படி வைத்திருந்தார்கள். இப்போதெல்லாம் எந்தச் சிப்பிலும் இதுதான் தலைவலி. எல்லோருக்கும் நிறைய வேலை நடக்க வேண்டும், ஆனால் மின்சாரம் மட்டும் செலவாகக் கூடாது. தூங்கும் பகுதியிலிருந்து வரும் கம்பியில் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெறும் குப்பை. அது பக்கத்துப் பகுதிக்குப் போகாமல் தடுக்க, கம்பியின் முனையில் ஒரு சிறு தடுப்புச் சுற்று வேண்டும். அலுவலகத்தில் அதைக் 'கதவு' என்பார்கள். கதவு இல்லாவிட்டால் என்றைக்காவது ஒருநாள் கருவி அணிந்தவரின் காதுக்குள் திடீரென்று பலூன் வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்கும்.

எந்தக் கம்பிக்குக் கதவு இல்லை என்று சொல்ல ஒரு மென்பொருள் உண்டு. அது எச்சரிக்கைகளைக் கொட்டோ கொட்டென்று கொட்டும். பதினோராயிரம் வந்தால் அதில் பதினோராயிரமும் வெறும் மிரட்டலாக இருக்கலாம். ஒன்று மட்டும் நிஜமாகவும் இருக்கலாம். ஆகவே, இன்ன காரணத்தால் இந்த எச்சரிக்கை தேவையில்லை என்று ஒரு விலக்குப் பட்டியல் எழுதி வைப்பார்கள். அலுவலகப் பேச்சில் ஒவ்வொரு விலக்கும் ஒரு 'வெய்வர்'. போன வருடம் புதிதாக வாங்கிய டூல் இன்னும் ஒரு படி மேலே போனது. மனிதர்கள் எழுதிய விலக்குகளைப் படித்துவிட்டு, அதே மாதிரி இருப்பவற்றையும் தானே ஒதுக்கிவிடும். அலுவலகம் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தது. தடபுடலாக வந்து இறங்கியது, எல்லோரும் அதற்கு ஓடி ஓடிச் செய்தார்கள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவளுக்கு மாப்பிள்ளையின் மேல் கோபமெல்லாம் இல்லை. கண் வலிக்கும் வேலையில் பாதியை அது எடுத்துக்கொண்டது. நன்றாகவே செய்தது.

வியாழக்கிழமை நண்பகலுக்குள் வரைபடம் ஆலைக்குப் போக வேண்டும். தவறினால் ஆலையில் அடுத்த இடம் கிடைப்பது பதினொரு வாரம் கழித்துத்தான். சரிபார்ப்பு முடிந்தது என்று திங்கட்கிழமையே அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை வாடிக்கையாளருக்கு அனுப்ப ஒரு பக்க அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பகுதியில் எத்தனை எச்சரிக்கை, எத்தனை விலக்கு என்ற கணக்கு. அதுவரை மொத்த எண்ணிக்கையை மட்டுமே பார்த்திருந்தாள். பகுதிவாரியாகப் பிரித்தபோது நூற்று நாற்பது, இருநூற்றுப் பத்து, தொண்ணூறு என்று வரிசையாக வந்த எண்கள் ஒன்பதாம் பகுதிக்கு வந்ததும் பூஜ்யமாகின.

மற்றவர்களுக்குப் பூஜ்யம் நிம்மதி. அவளுக்கு அது பிடிக்கவில்லை. தூங்கும் பகுதி என்றால் வெற்று மிரட்டலாவது நாலு இருக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சத்தமே இல்லை என்றால் யாராவது எட்டிப் பார்க்க வேண்டாமா?

எட்டிப் பார்த்தாள். விலக்குப் பட்டியலில் ஒரு வரி இருந்தது: 'ஒன்பதாம் பகுதி எப்போதும் விழித்திருக்கும். இதன் கம்பிகளுக்குக் கதவு தேவையில்லை. எல்லா எச்சரிக்கைகளையும் தவிர்க்கவும்.' தேதி ஏழு மாதம் முந்தையது. பக்கத்தில் எழுதியவரின் முதலெழுத்துகள். அவளுடையவை.

எழுதிய அன்று அந்த வரி உண்மை. பிறகு மூன்று மாதம் கழித்து, பேட்டரி இன்னும் கொஞ்சம் தாங்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டதால், சுற்றிலும் அமைதியாக இருக்கும் நேரங்களில் ஒன்பதாம் பகுதியையும் தூங்க வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவளும் இருந்தாள். குறிப்பு எடுத்ததே அவள்தான். ஆனால் இந்த வரி மட்டும் நினைவுக்கு வரவில்லை.

அந்த வரியை நீக்கிவிட்டு மென்பொருளை மறுபடி ஓட்டிப் பார்த்தாள், பிறகு எழுந்து தண்ணீர் இயந்திரம் வரை நடந்தாள். மற்றவர்கள் தவறு செய்தால் அது வெறும் தவறு. தான் செய்தால் மட்டும், இவளெல்லாம் எப்படி இங்கே வந்தாள் என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதிலாகிவிடுமோ என்று ஒன்பது வருடமாக ஒரு பயம் உள்ளே உட்கார்ந்திருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்பது மற்றவர்களா, அவளேதானா? அதுவும் தெரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். இதை யோசித்துக்கொண்டு நின்றால் கம்பிக்குக் கதவு முளைக்கப் போவதில்லை. நேரே குழுத் தலைவரின் மேஜைக்குப் போனாள்.

"சார், நேத்துப் போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்கறேன்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலங்காத்தால ஜோக்கா?"

"ஒன்பதாம் பகுதிக்கு ஒரு வெய்வர் இருக்கு. அது இப்ப செல்லாது. ஆனா இன்னும் வேலை செஞ்சுட்டிருக்கு."

"யாரு எழுதின வெய்வர்?"

"நான் எழுதினதுதான்."

அவர் நாற்காலியை முழுதாகத் திருப்பினார். "மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லலையா?"

"மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே சார். அந்த வரியைப் பார்த்துட்டு, அதே மாதிரின்னு வேற பகுதியிலயும் ஒதுக்கியிருக்கு. வரியை எடுத்துட்டு ஓட்டிப் பார்த்தேன். முன்னூத்தித் தொண்ணூறு வந்து நிக்குது."

"டெஸ்ட் எல்லாம் ஓட்டினோமே. ஒண்ணும் வெடிக்கலையே. அப்ப கண்டிப்பா வெடிக்கும்னு சொல்ல முடியாதுல்ல?"

"தினமும் வெடிக்கும்னு நான் சொல்லலை சார். என்னைக்கு, யாரு காதுல வெடிக்கும்னு சொல்ல முடியாதுன்னுதான் சொல்றேன்."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். நல்ல மனிதர். வியாழக்கிழமை என்று மேலிடத்துக்கு வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்ட மனிதரும்கூட. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம். நிஜமா எத்தனைன்னு சொல்லுங்க."

முன்னூற்றுத் தொண்ணூறையும் அவளும் இன்னொரு பொறியாளரும் தனித்தனியாகப் படித்தார்கள். ஒருவர் முடிவை மற்றவர் பார்க்கக்கூடாது என்று ஏற்பாடு. மறுநாள் பதினொரு மணிக்கு ஒப்பிட்டபோது நான்கில் மட்டும் கருத்து மாறியது. அந்த நான்கையும் கணினியில் சுற்றை இயக்கி ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்பதாம் பகுதியைத் தூங்க வைத்தபோது பெரும்பாலான கம்பிகளுக்குக் கதவு தானாகவே அமைந்திருந்தது. பிற்பாடு கையால் சேர்த்த மூன்று கம்பிகளுக்கு மட்டும் இல்லை. ஆக நிஜமானவை மூன்று.

இனி மேஸ்திரியிடம் போக வேண்டும். சிப்பில் எந்தச் சுற்று எந்த மூலையில் உட்கார வேண்டும் என்று இடம் ஒதுக்கி, கம்பி இழுப்பவர் அவர். ஐம்பது வயது, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு கண்ணாடிகள்.

"வீடு கட்டி, பெயின்ட் அடிச்சு, சாவி கொடுக்கற நேரத்துல வந்து கதவு வைக்கணும்ங்கறியே தங்கச்சி, உனக்கே நியாயமா இருக்கா?"

"மூணே மூணுதான் அண்ணா."

"என்னவோ மூணு முறுக்கு கேக்கற மாதிரி சொல்றே." திட்டிக்கொண்டே கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். பின்னால் தேவைப்படும் என்று சிப்பில் அங்கங்கே சில உபரிச் சிறு சுற்றுகளைச் சும்மா விட்டு வைப்பது வழக்கம். அவற்றில் பக்கத்தில் கிடைப்பதை எடுத்துக் கதவாக்க வேண்டும். முதல் கம்பிக்கு அடுத்த வரிசையிலேயே ஒன்று கிடைத்தது. இரண்டாவதற்குக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மூன்றாவதற்கு அவர் திரையைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த மூலையில குண்டூசி வைக்க இடமில்லைம்மா. தூரத்துல இருந்து இழுத்தா சிக்னல் லேட்டாயிடும். அப்புறம் அதுக்கும் நீயே வந்து 'ஆனாலும்'னு சொல்லுவே."

அவள் சிரிக்கவில்லை. அந்தக் கம்பி எங்கிருந்து கிளம்புகிறது என்று பின்னோக்கிப் போனாள். ஒன்பதாம் பகுதிக்குள் ஒரு சின்ன மூலைச் சுற்றிலிருந்து கிளம்பியது. அந்தச் சுற்றுக்குத் தனியாக ஒரு தூக்கச் சுவிட்ச் இருந்தது. அதை மட்டும் தூங்கவிடாமல் வைத்தால் கதவே வேண்டாம். கம்பியை நகர்த்த வேண்டியதில்லை, ஓர் அமைப்பை மாற்றினால் போதும். விலை, ஒரு நாள் பேட்டரியில் அரை மணி நேரம். அது வாடிக்கையாளரின் அரை மணி நேரம். அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, வாடிக்கையாளருடனான தொலைபேசி அழைப்பு தொடங்கும் முன், தலைவர் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

"தப்பு நடந்துச்சுன்னு சொல்லித்தான் ஆகணுமா? பேட்டரியில சின்னத் திருத்தம்னு சொன்னா போதாதா?"

"அப்படிச் சொன்னா, நாலாவது ஒண்ணு இருக்கான்னு அவங்க கேக்க மாட்டாங்க சார். கேக்கணும்."

அவர் மேஜையின் நடுவிலிருந்த ஒலிபெருக்கியை அவள் பக்கமாகத் தள்ளினார். "அப்ப நீங்களே பேசுங்க."

வாடிக்கையாளர் தரப்பில் ஒரு பெண் பொறியாளர். குரலில் சர்க்கரை சேர்க்காதவர். அவள் நடந்ததைச் சொன்னாள். விலக்கு எழுதியது அவள், அது காலாவதியானதைக் கவனிக்காமல் விட்டதும் அவளேதான், மூன்று கம்பிகள், இரண்டு கதவுகள், ஒரு அரை மணி நேரம். சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று.

"சரி," என்றது அந்தக் குரல். "நாலாவது இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"முன்னூத்தித் தொண்ணூறையும் ரெண்டு பேர் தனித்தனியா படிச்சோம். நாலுல ஒத்துப்போகலை, அதை ஓட்டிப் பார்த்துட்டோம். அது போக, பட்டியல்ல இருந்த அறுபத்தோரு விலக்கையும் இன்னைக்கு இருக்கற டிசைனோட ஒப்பிட்டுப் பார்த்தேன். இன்னும் ரெண்டு பழசாகியிருந்துச்சு. அதனால கெடுதல் இல்லை, எடுத்துட்டேன்." அவள் ஒலிபெருக்கியை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டாள். "ரேடியோ பகுதி வெளியில வாங்கினது. அதோட உள்ளே நாங்க பார்க்கலை, விக்கறவங்க பார்க்க விடறதில்லை. அவங்க வார்த்தைதான். அதுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது. மத்ததுக்கு ஏத்துக்கறேன்."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். ரேடியோ பற்றி யாரும் கேட்கவில்லையே.

மறுபக்கம் பேனாவால் மேஜையைத் தட்டும் சத்தம். "எனக்கு அந்த அரை மணி நேரம் போறது பிடிக்கலை."

"எனக்கும் பிடிக்கலை மேடம்."

"அடுத்த சிப்புல திரும்ப வேணும்."

"கதவுக்கு இடம் இப்பவே கேட்டு வச்சுட்டேன். வரும்."

"ரேடியோக்காரங்களை நான் பார்த்துக்கறேன். அவங்ககிட்ட எழுத்துல கேட்டு வாங்கறேன். நீங்க அனுப்புங்க."

மணி பத்து. மேஸ்திரி சிக்னல்கள் நேரத்துக்குள் போய்ச் சேருகின்றனவா என்று கடைசித் தடவை சரிபார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். கையெழுத்துப் படிவத்தை அவள் புதிதாக எடுத்தாள். அதன் அடியில் 'குறிப்பு' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. யார் நிரப்பினாலும் அதில் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள். அவள் எழுதத் தொடங்கினாள்: ஒன்பதாம் பகுதியில் என்ன மாற்றியது, ஏன், எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை. கட்டம் போதாமல் ஓரத்துக்கு ஏறி, மேலே வளைந்து போயிற்று.

தலைவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இது மேல வரைக்கும் போகும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"எழுத்துப் பிழை இல்லாம எழுதுங்க," என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போனார்.

அவள் கையெழுத்தையும் தேதியையும் போட்டாள். பதினொன்றே முக்காலுக்கு வரைபடம் கிளம்பியது.