லாட்டி ஹாஸ்லமுக்கு வைத்த பெயர்கள்

டாக்டர் சொன்னது இரண்டு வார்த்தை. 'மாரல் இம்பெசில்.' முதல் வார்த்தை லாட்டிக்குப் பழக்கமானது. ஞாயிறுதோறும் சர்ச்சில் காதில் விழுவது, ஒழுக்கம் என்ற பொருளில். ஆகவே தன்னைப் பற்றி ஏதோ நல்லதாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் பஞ்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் அவள். முதல் உலகப் போர் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. டிராம் கண்டக்டர் ஒருவன் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னான். வயிறு தெரிய ஆரம்பித்ததும் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அப்பா கதவைத் திறக்கவில்லை. ஏழைகள் விடுதியில் பெண் குழந்தை பிறந்தது. ஆலிவ் என்று பெயர் வைத்தாள்.

கல்யாணமாகாமல் பெற்று அரசாங்கச் சோறு தின்கிறவர்களைப் பிடித்து அடைக்க அப்போது ஒரு சட்டம் இருந்தது. டாக்டர்கள் இருவர் வந்தார்கள். செய்த காரியத்துக்கு வெட்கப்படுகிறாயா என்று கேட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் குழந்தைக்கு விக்கல் எடுத்தது. லாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவ்வளவு லட்சணமா ஒண்ணைப் பெத்துட்டு எதுக்குங்க வெட்கப்படணும்?" என்றாள்.

அந்தச் சிரிப்போடு விசாரணை முடிந்தது; டாக்டர் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லி எழுதிக்கொண்டார். அவர்கள் போனதும் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நர்ஸைக் கேட்டாள். நர்ஸ் துணி மடித்துக்கொண்டே, "நல்லது கெட்டது தெரியாத மந்தபுத்தின்னு அர்த்தம்டி" என்றாள்.

மலைமேட்டில் இருந்த பெரிய காப்பகத்துக்கு அவளை வண்டியில் ஏற்றினார்கள். குழந்தை பின்னால் வரும் என்றார்கள். வரவில்லை.

அங்கே பெண்களைத் தரம் பிரித்து வைத்திருந்தார்கள். பேசத் தெரிந்தவர்கள் மேல்தரம். அவர்கள் துணி வெளுக்க வேண்டும், கீழ்த்தரத்துக்குச் சோறு ஊட்ட வேண்டும். லாட்டி மாட் என்பவளுக்கு ஊட்டினாள். அவளுக்கு வாயில் எச்சில் நிற்காது. புதிதாக வந்தவர்களிடம் லாட்டி அவளைக் காட்டி, "அதுதான் இம்பெசில். நான் வேற" என்பாள். அதைச் சொல்லும்போது நிமிர்ந்துகொள்வாள். மாட் அவள் கையைப் பிடித்தபடி சிரிப்பாள்.

இளவயதுப் பாதிரியார் ஒருவர் வாரம் ஒருமுறை வருவார். லத்தீன் படித்தவர். ஒருநாள் அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, 'இம்பெசில்' ஒன்றும் வசைச்சொல் இல்லை என்றார். லத்தீன் பேசிய காலத்தில் உடம்பு தளர்ந்த யாரையும் அப்படித்தான் சொன்னார்களாம், கிழட்டு ராஜாவைக்கூட. ஊன்றக் கோல் இல்லாதவன் என்பதுதான் அதன் ஆதிப் பொருள் என்று பழைய ஆட்கள் சொல்வார்களாம்.

லாட்டி யோசித்தாள். "கோல் இல்லாதவளுக்குக் கோல் குடுக்கணுமா, பூட்டிப் போடணுமா, ஃபாதர்?"

அவர் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தார். அதற்குப் பிறகு அவள் கட்டில் பக்கம் அதிகம் வருவதில்லை.

சில வருடங்களில் சட்டத்தைத் திருத்தினார்கள். இனி யாரும் மாரல் இம்பெசில் கிடையாது, 'டிஃபெக்டிவ்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று மேட்ரன் சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தாள். அதாவது பழுதானவர்கள். அன்றைக்கும் அதே உருளைக்கிழங்குதான். இன்னொரு போர் வந்து போனது. பிறகு அந்தப் பெயரும் கூடாது என்றார்கள். 'சப்நார்மல்', மட்டத்துக்குக் கீழே. அதற்குள் லாட்டியின் தலை நரைத்து, சோடாக்காரத்தில் விரல்கள் வெந்து கோணிப்போயிருந்தன.

கடைசியில் ஒரு புது டாக்டர் அவளோடு அரைமணி நேரம் பேசிவிட்டு, "உங்களுக்கு எந்தக் குறையும் இல்லைம்மா. என்னைக்குமே இருந்ததில்லை. நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எந்த வீடு என்று லாட்டிக்குத்தான் விளங்கவில்லை.

தம்பி வில்ஃப் வந்து அழைத்துப் போனான். அவன் மனைவி டோரீன் நல்லவள்தான். ஆனால் லாட்டி விடியுமுன் எழுந்து, தலை எண்ண யாராவது வருவார்கள் என்று கட்டிலோரம் விறைத்து நிற்பாள். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பாள். ஆலிவை ஒரு குடும்பம் தத்து எடுத்துக் கனடா போய்விட்டதாக வில்ஃப் சொன்னான். பெற்றவள் செத்துவிட்டாள் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். "இப்பப் போய் அதைக் கலைக்க வேண்டாம்க்கா" என்றான்.

ஒரு ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் வில்ஃபின் மூத்த பையன் குழம்பைக் கொட்டிவிட்டான். இளையவன், "இம்பெசில்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வில்ஃபும் சிரித்தான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"அக்கா, அது சும்மா பசங்க பேசுறது. இப்ப அதுக்கு அர்த்தமே கிடையாது."

"தெரியும்டா" என்றாள் லாட்டி. தட்டைக் கழுவி வைத்தாள். மறுநாள் காலை பஸ் பிடித்து மலைமேட்டுக்குப் போனாள்.

அங்கே இப்போது பூட்டு இல்லை. அவள் கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள். மாட், லாட்டி போன பிறகு வந்த குளிர்காலத்திலேயே சளிக்காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னார்கள். யார் ஊட்டினாலும் வாய் திறக்கவில்லையாம். துணி வெளுக்க மின்சார இயந்திரம் வந்திருந்ததால் லாட்டிக்குக் கொடுக்க வேலையும் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று, கொதிகலன் கட்டடத்தைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். வில்ஃப் முதலில் கிறிஸ்துமஸ்தோறும் வந்தான். பிறகு கார்டு மட்டும் அனுப்பினான்.