பாண்டியின் பெயரைச் சொன்னேன்

பாண்டியின் பிழைப்பைக் கெடுத்தவள் நான்தான். காந்தலூரில் எல்லாரும் நம்பியதுபோல அவன் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியவள் நான், பழியைத் தூக்கி அவன் தலையில் வைத்தவளும் நான்!

முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி மேலே படிப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்த காரியத்தைப் பொறுக்கச் சொல்லி உங்களிடம் கேட்கமாட்டேன்.

நான் பிறந்தது மலைமேல் காந்தலூரில், கரும்பு போடும் குடும்பத்தில். எங்கள் பக்கத்து மறையூர் வெல்லத்தை அச்சில் வார்ப்பதில்லை. பாகு ஆறுவதற்குள் சுடச்சுடக் கையால் உருட்டுவோம். விரல் பதிந்த தடம் அப்படியே உருண்டையில் நிற்கும். அதைப் பார்த்தே இது இன்னார் கை என்று சொல்லிவிடுவார்கள்.

என் அய்யாவின் பிடி தனி. உருட்டி முடித்ததும் அடியில் கட்டைவிரலால் ஒரு குழி வைப்பார். அந்தப் பிடி இரண்டே பேருக்குத்தான் வந்தது. ஒருத்தி நான். இன்னொருவன் வெல்லம் காய்ச்சும் எங்கள் கொட்டகையில் வேலை பார்த்த பாண்டி. என் அண்ணன் முருகேசன் அடுப்பையும் கொப்பரையையும் பார்த்துக்கொள்வான், உருட்ட உட்காரமாட்டான்.

கல்யாணமாகி, பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரத்துக்கு வந்தேன். செக்போஸ்ட்டைத் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் ஒரு கம்பெனி இருந்தது. வெளியே மசாலாப் பொடி என்று பலகை. உள்ளே நடந்தது வேறு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து லாரியில் வரும் மட்ட வெல்லத்தை உருக்கி, நிறம் கறுக்க என்னமோ சேர்த்து, மலைப்படம் போட்ட பெட்டியில் ‘மறையூர்’ என்று அச்சடித்து அனுப்பினார்கள். முதலில் அச்சில் வார்த்தார்களாம். விரல் தடம் இல்லையே என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து, காந்தலூர்க்காரி நான் வேலை கேட்டுப் போய் நின்றேன்...

மேனேஜர் பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன், மரியாதையாகத்தான் பேசுவான். இது சரியா என்று நான் இழுத்தபோது சிரித்தான்.

“ஏனுங்க அக்கா, நாம என்ன வெசத்தையா கலக்கறோம்? வெல்லத்தத்தானுங்க வெல்லமாக்கறோம்.”

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இருக்கிறதே... அதற்கே எனக்குத் தண்டனை உண்டு.

உருட்டினேன். மற்றப் பெண்களுக்கும் பழக்கினேன். ஜீப் சத்தம் கேட்டாலே அதிகாரிகளோ என்று எழுந்து ஓடுவேன். கதவைப் பூட்டினோமா, பெட்டியை மறைத்தோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். பயந்தேனே தவிர நிறுத்தினேனா? இல்லை! அதோடு ஒரு முட்டாள்தனமும் செய்தேன். கைப்பழக்கத்தில் ஒவ்வொரு உருண்டையின் அடியிலும் அய்யாவின் குழியை வைத்துக்கொண்டே போனேன். அந்தப் பெண்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன். அழகாக இருக்கிறது என்று மேனேஜர் மெச்சினான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு நாள் அண்ணன் உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி என் வீட்டுக்கு வந்தான். மலையில் வெல்லம் விலை போகாமல் கிடக்கிறது, கீழே எவனோ போலி போடுகிறான் என்றான். நான் பொடி பொட்டலம் போடுவதாகத்தான் அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். பையிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து என் கையில் வைத்தான். அது எங்கள் கம்பெனியில் உருட்டியது.

“ஏத்தா, நல்லாப் பாத்துச் சொல்லு. இது அய்யா பிடிதான? இந்தக் குழிய வெளியாளு எவன் வெப்பான்?”

அவனுக்கு என் மேல் ஒரு துளி சந்தேகம்கூட இல்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம்! நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“பாண்டி கையா இருக்கும்ணே.”

அவ்வளவுதான். அண்ணன் தலையாட்டிக்கொண்டே பஸ் ஏறினான்.

பாண்டியை அதற்குப் பிறகு எந்தக் கொட்டகையிலும் கூப்பிடவில்லை. திருட்டுத்தனமாகக் கீழே போய்த் தொழிலைக் காட்டிக் கொடுத்துவிட்டான் என்று பேச்சு. கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தானாம். தொழிலை விற்றவனுக்குச் சாமி ஒரு கேடா என்று சிரித்தார்களாம். மனைவி பிள்ளைகளோடு பீர்மேட்டுக்குப் போய், ஒரு எஸ்டேட்டில் தேயிலைச் சாக்கு ஏற்றும் வேலையில் சேர்ந்துவிட்டான். போனில் அண்ணன் இதைச் சொன்னபோது, நான் “அப்படியா” என்றேன்.

பிறகு ஏன் வாயைத் திறந்தேன் என்று கேட்பீர்கள். மனசாட்சி என்று சொல்ல ஆசைதான். உண்மை அதைவிடக் கேவலம். கம்பெனி விளம்பரத்துக்கு வீடியோ எடுக்க வந்தார்கள். கரும்புக் காட்டில் நின்று, “இது எங்க குடும்பத்துக் கை” என்று நான் சொல்ல வேண்டுமாம். மாட்டேன் என்றேன். நியாயத்துக்காகவா மறுத்தேன்? அண்ணன் செல்போனில் பார்த்துவிடுவானே என்ற பயம்! ஆனால் அன்று வேலையை விட்டு வெளியே வந்ததும் ஒன்று புரிந்தது. நான் நிற்காவிட்டாலும் வேறொருத்தி நின்று அந்த உருண்டையைக் காட்டுவாள், இனிமேல் ஒளிவதற்கு இடமில்லை. நானே போய் நிற்பதுதான் மிச்சம்.

பாலக்காட்டுக்குப் போய் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்த மலையாளத்தில் பாதி, தமிழில் பாதி. கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். நான் தொழில் பழக்கிய பெண்கள் இப்போது தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டு உலையும் என்னால்தானே நின்றது...

காந்தலூருக்குப் போய் அண்ணனிடமும், மற்ற கரும்புக்காரர்களிடமும் சொன்னேன். அண்ணன் கொப்பரைக்கு அடியில் எரிந்த விறகை வெளியே இழுத்துப் போட்டான். “எங்கிட்ட ஏன் சொல்ற? பாண்டி மூஞ்சியப் பாத்துச் சொல்லு” என்று மட்டும் சொன்னான்.

பீர்மேட்டுக்குப் போனேன். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் பாண்டி நின்றான். நடந்ததையெல்லாம் சொன்னேன். திரும்பி வா, எல்லாருக்கும் உண்மை தெரிந்துவிட்டது, கூப்பிடுவார்கள் என்றேன்.

“அன்னைக்கு எம்பேரு ஏங்க்கா வந்துச்சு?” என்றான்.

என்னைத் தவிர அய்யாவின் பிடி தெரிந்தவன் நீ ஒருவன்தானே என்றேன்.

“அப்ப உங்கய்யா எனக்குச் சொல்லிக் குடுத்ததுதான் தப்பாப் போச்சு.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குத் தீர்ந்ததுபோலச் சொன்னான். அப்போதும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டான்! லாரி வந்துவிட்டது என்று போய்விட்டான். அவன் மனைவி உள்ளேயே இருந்தாள், வரவேயில்லை.

விசாரணைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி ஆட்கள் வீட்டுக்கு வந்து, பேச்சை மாற்றிக்கொள்ளுங்கள் அக்கா என்று இதமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இருந்தாலும் போவேன். கூப்பிடும்போதெல்லாம் போவேன்.

பாண்டி மலைக்குத் திரும்பவில்லை. ஒரே ஒரு தடவைதான் அவன் பெயரைப் பொய்யாகச் சொன்னேன். அதைத் துடைக்க எத்தனை தடவை உண்மையைச் சொல்ல வேண்டுமோ, தெரியவில்லை. சொல்லிக்கொண்டேதான் இருக்கப்போகிறேன்.