சிவப்புப் பொத்தான்

மதினியின் பட்டன் போனில் எல்லா எழுத்தும் தேய்ந்துவிட்டது. சிவப்புப் பொத்தான் மட்டும் புதுசாக இருக்கிறது. அவள் எந்த அழைப்பையும் தானாகத் துண்டித்ததில்லை. எதிராளி வைக்கும்வரை காதிலேயே வைத்திருப்பாள்.

அவள் என் அண்ணன் பெண்சாதி. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரே பட்டாசு ஆலையில் வேலை பார்த்தோம். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. வாசல் அறையில் கொடுத்துவிட வேண்டும். படித்துவிட்டு வந்த சின்ன முதலாளி அங்கே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, தானே புரோகிராம் எழுதினான். போனை வயரில் செருகியதும், 'நான் உன்னோடு சேர்ந்த கருவி, என்னோடு பேசுவாயா?' என்று கம்ப்யூட்டர் கேட்குமாம். போன் சம்மதித்தால் நம் பெயர் திரையில் ஏறும்; ஆள் உள்ளே. பிடுங்கினால் பெயர் இறங்கும், ஆள் வெளியே. நோட்டில் பேர் எழுதுகிற வழக்கத்தை அன்றோடு நிறுத்தினான். என் பெயர் உடனே ஏறியது. மதினி போனுக்கு சார்ஜ் ஏறியது, பேச்சு வரவில்லை.

"ஆத்தா, ஒன் போனு ஊமை" என்று சிரித்தான்.

"நான் பேசுவேன்ல தம்பி, நீங்களே என் பேர ஏத்திக்கிடுங்க."

"ஒருத்திக்காக எல்லாத்தையும் மாத்தணுமாக்கும்? கீழ இருக்க டப்பாவுல போட்டுட்டுப் போ."

அன்றைக்கு மத்தியானமே வெடிமருந்து அறை வெடித்தது. ஓடி வந்தவர்கள் அவரவர் போனைப் பிடுங்கிக்கொண்டோம். திரை காலியானது. "உள்ள ஆளே இல்ல" என்று தீயணைப்பு அதிகாரியிடம் அதைக் காட்டினான் அவன். அப்படியானால் மிச்ச மருந்தும் எரிந்து அடங்கட்டும் என்றார் அவர்.

"எங்க மதினி உள்ள இருக்காகய்யா!" என்று கத்தினேன். போனில் மதினி படத்தைத் தொட்டு அழைத்தேன். கம்ப்யூட்டருக்குக் கீழே தகர டப்பா அதிர்ந்தது. அவன் குனிந்து எடுத்து, சிவப்புப் பொத்தானை அமுக்கினான்.

"மறந்து வச்சுட்டு வீட்டுக்குப் போயிருக்கும். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா சார்?"

அதிகாரி என்னைப் பார்க்கவே இல்லை.

பொழுது சாயத்தான் உள்ளே போனார்கள். பக்கத்து அறையில், கால்மேல் சுவர் விழுந்து கிடந்தாள். வாசலைப் பார்த்துத் தரையைப் பிறாண்டி வைத்திருந்தாள். மூச்சு இல்லை, கக்கத்தில் சூடு ஆறவில்லை.

ஆலை மறுபடி ஓடுகிறது. பட்டன் போன்காரர்களுக்கு வேலை இல்லை என்று இப்போது வாசலில் போர்டு. நான் போவதில்லை. மதினி போனுக்கு சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். மத்தியானமானால் கூப்பிடுவேன். அந்தச் சிவப்புப் பொத்தானை யாரும் தொடுவதில்லை. அடித்து அடித்து, அதுவாக ஓய்கிறது.