சாமைக் கொல்லைச் சுவரில் தேடிய டப்பா

சென்ற ஆண்டு புரட்டாசி மாதம் மூன்றாம் சனிக்கிழமை, காலை பத்தே கால் மணி. ஜவ்வாது மலையில், புதூர்நாடு போகிற வழியில் பிரியும் ஒரு கிளைச் சாலையில் நடந்தது இது. நேரம்கூட நினைவிருக்கக் காரணம், நான் இருபது வருடங்களுக்கு மேலாக விடாமல் டைரி எழுதுகிறவன். அன்றைய பக்கத்தைப் புரட்டினால் இப்போதும் கோபம் வருகிறது.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு எனக்கு அறிமுகமானது. யாரோ ஒருவர் சின்ன டப்பா ஒன்றை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். நாம் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை அங்கேயே வைத்துவிட வேண்டும். இதில் புதிர் வகை என்று ஒன்று உண்டு. எண்கள் முழுதாக இருக்காது. புதிரை விடுவித்தால்தான் மீதி கிடைக்கும்.

நான் எடுத்த முதல் புதிர் என்னைப் போன்றவனுக்காகவே போட்டது போலிருந்தது. அந்தக் கிளைச் சாலையில் உள்ள சிறுபாலத்தின் கல்லில், கட்டிய மாதமும் ஆங்கில வருடமும் வெட்டப்பட்டிருக்கின்றன. அதற்குரிய தமிழ் வருடம் அறுபதில் எத்தனையாவது? அந்த எண்ணைச் சேர்த்தால் இடம் தெரிந்துவிடும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஏறக்குறைய இருபது மீட்டர் தள்ளிப் போய்விடும். கல்லின் புகைப்படத்தைப் பார்த்தேன். மாதம் பிப்ரவரி. தமிழ் வருடம் பிறப்பது சித்திரையில். ஆகவே பிப்ரவரியில் முந்தைய வருடம்தான் ஓடிக்கொண்டிருக்கும். அவசரக்காரர்கள் இதைக் கவனிக்காமல் மாட்டிக்கொள்வார்கள், நல்ல பொறி என்று புதிர் போட்டவரை மனதுக்குள் மெச்சினேன். புதிரின் இணையப் பக்கத்தில் 'தேடினேன், கிடைக்கவில்லை' என்று நான்கு பேர் எழுதியிருந்ததைப் படித்து இன்னும் குஷியானேன்.

என் கணக்குப்படி இடம் பாலத்தைத் தாண்டி, சாலையோரத்தில் ஒரு சாமைக் கொல்லையின் கல் சுவரில் வந்து நின்றது. காரை பூசாமல் வெறும் கற்களை அடுக்கிய இடுப்புயரச் சுவர். 'கல்லுக்குள் இருக்கிறது' என்று அதே இணையப் பக்கத்தில் குறிப்பும் இருந்தது. வேறென்ன வேண்டும்? பெரிய கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசை மாறாமல் தரையில் வைத்தேன். பன்னிரண்டாவது கல்லை எடுக்கும்போது கொல்லைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இன்னாய்யா, நீயும் டப்பாவா?"

நடுத்தர வயதுப் பெண். களைக்கொத்தோடு வந்து எதிரே நின்றார். எனக்குச் சுருக்கென்றது. திருடனைக் கேட்பதுபோல் கேட்கிறாரே என்று, "எடுத்த மாதிரியே திருப்பி வச்சிடுவேம்மா" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

"வைப்பீங்க. வந்தவன் எல்லாம் வச்சிட்டுத்தான் போனான். வூட்டு அலமாரியில அடுக்குற மாதிரி. பன்னி மூக்கால ஒரு தள்ளு தள்ளினா போதும், சரிஞ்சிடுது. வா, வந்து பாரு."

கூட்டிப்போய்க் காட்டினார். சுவரை ஒட்டி நாலு பாத்தி அகலத்துக்குச் சாமை மிதிபட்டு, கதிரோடு மண்ணில் கிடந்தது. எனக்கு முன் டப்பா தேடி வந்தவர்கள் பிரித்து அடுக்கிய இடத்தில் சுவர் சரிந்து இடைவெளி விழுந்திருந்தது; முந்தின வாரம் காட்டுப்பன்றிகள் புகுந்தது அதன் வழியாகத்தான். அறுப்புக்கு இன்னும் மூன்று வாரம். அது அவர்கள் விற்பதற்கு விதைத்ததல்ல, வருடம் முழுக்கச் சாப்பிடுவதற்கு.

அந்தச் சுவரில் பெரிய கற்களுக்கு நடுவே சிறு கற்களை ஆப்புபோல் இறுக்கியிருப்பார்கள். நான் 'குப்பைக் கல்' என்று ஒதுக்கி எறிந்தவை அவைதான்.

எடுத்த கற்களைத் திருப்பி அடுக்கிவிட்டு, வெட்கத்தோடு பாலத்துக்கு நடந்தேன். ஒரு சந்தேகம். அவசரக்காரரின் தப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பாலத்துக் கைப்பிடிச் சுவர் இடுக்கில், இரண்டே நிமிடத்தில் டப்பா கைக்கு வந்தது. புதிர் போட்டவருக்கே வருடம் எப்போது பிறக்கிறது என்று தெரிந்திருக்கவில்லை. அவரைப்போலவே, ஆங்கில வருடத்துக்கு நேராகத் தமிழ் வருடம் போட்டிருக்கும் பட்டியலைப் பார்த்து விடை எழுதியவர்கள் சுகமாகப் பெயர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கணக்கைச் சரியாகப் போட்டவர்கள்தான் அந்தச் சுவரைப் பிரித்திருக்கிறோம்.

டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"எடுத்துட்டுப் போ. அப்புறம் வர்றவன் டப்பா இல்லன்னு மொத்தச் சுவரையும் பிரிக்கட்டும். படிச்ச ஆளுதானே நீ?"

அவர் சொன்னதுதான் சரி. டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அன்று மாலையே புதிர்ப் பக்கத்தில், டப்பா பாலத்தில்தான் இருக்கிறது, யாரும் கொல்லைச் சுவரைத் தொடாதீர்கள் என்று எழுதினேன். மறுநாள் அதைக் காணவில்லை. புதிர் போட்டவர் நீக்கிவிட்டு எனக்குத் தனியாக எழுதியிருந்தார்: விடையை வெளியே சொல்வது விதிமீறல், பாலம் அரசாங்கத்துடையது, கொல்லையில் தேடச் சொல்லி அவர் எழுதவில்லை, விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். விடையைக் காப்பதற்கு இவ்வளவு அக்கறை. நான்கு பாத்திச் சாமை போனதைப் பற்றி ஒரு வரி இல்லை. தவறைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய நீண்ட விளக்கத்துக்குக் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. விளையாட்டை நடத்துகிறவர்களுக்குப் புகைப்படத்தோடு புகார் அனுப்பினேன். ஐந்து முறை எழுதிய பிறகு, பத்தொன்பதாம் நாள்தான் அந்தப் பக்கத்தை மூடினார்கள்.

இதற்கிடையில், அடுத்த சனிக்கிழமையே அங்கே போனேன். அந்தப் பெண்ணும் அவர் கணவரும் நான் திருப்பி அடுக்கியிருந்ததை முழுவதும் சரித்துவிட்டு, அடியிலிருந்து புதிதாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "கல்லைத் தூக்கிக் குடுங்க, அது போதும். நீங்க வைக்க வேணாம்" என்றார் கணவர். மத்தியானம்வரை கொடுத்தேன்.

புதிர் போட்டவர்மேல் எனக்குள்ள கோபம் இன்றுவரை தீரவில்லை, தீர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் ஒன்றும் என் கையைப் பிடித்துக் கல்லை எடுக்கவைக்கவில்லை. என் விடை தவறாக இருக்குமோ என்று கொஞ்சம் சந்தேகம் இருந்திருந்தால்கூட முதலில் கொல்லைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன், சரி என்று நிச்சயமாகத் தெரிந்ததால்தான் கேட்கவே தோன்றவில்லை.