படகு வண்டிக்கு வைத்த சிவப்பு விளக்குகள்

வண்டிக்கு முன்னால் விளக்குப் போடச் சொல்லி வருகிறவன் தனக்காக வருகிறான். பின்னால் போடச் சொல்லி வருகிறவன், முகம் தெரியாத எவனுக்காகவோ வருகிறான். இந்த இரண்டாவது ரகத்தை நம்பிக் கடை வைத்தால் பட்டினிதான். செகந்திராபாத்திலிருந்து போகும் கரீம்நகர் ரோட்டில் ராத்திரி வண்டி ஓட்டியவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஒன்றுமே இல்லாத இருட்டுக்குள்ளிருந்து வைக்கோல் டிராக்டரின் பின்பக்கம் திடீரென்று முளைக்கும். பிரேக்கில் ஏறி நின்று, இஞ்சின் அணைந்துபோய், நெஞ்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்த அந்த அரை நிமிஷம் உங்களுக்கும் உண்டு.

ஹைடெக் சிட்டிப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள். கால் சென்டர் கார்கள் ராத்திரியில்தான் ஓடின, ராத்திரியில்தான் பழுதாயின. அதனால் பாலாநகரில் ஒரு ஃபாக்டரி மதிலை ஒட்டி, இரவு எட்டுக்குத் திறந்து காலை ஆறுக்கு மூடும் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தேன். பகலில் தூங்கிக்கொள்ளலாம் என்பது திட்டம். தூக்கத்தைக் கேட்காமல் போட்ட திட்டம்.

ரோட்டில் ஒரு படகு

ஒரு சனிக்கிழமை இரவு கடை வாசலில் ஜீப் ஒன்று வந்து நின்றது. அதன் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர். டிரெய்லரின் மேல் ஒரு வெள்ளைப் படகு. ஓட்டிவந்தவர் மாணிக்கம் அண்ணன், ஐம்பதைத் தாண்டியவர். தாத்தா காலத்திலேயே செகந்திராபாத் கண்டோன்மெண்டுக்கு வந்த தமிழ்க் குடும்பம். ஐ.டி. கம்பெனிக்காரர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஷாமீர்பேட்டைக்கு அப்பால் ஓர் ஏரிக்கு அழைத்துப்போய்ப் பாய்மரம் விடச் சொல்லித்தருகிற படகு கிளப்பில் டிரைவர். சனி இரவு படகைக் கொண்டுபோக வேண்டும், ஞாயிறு இரவு திரும்பக் கொண்டுவர வேண்டும்.

டிரெய்லரில் விளக்கு என்று ஒன்றுமே இல்லை. படகின் பின்முனையில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. முந்தின வாரம் ஒரு கார் முழ தூரத்தில் வந்து நின்றதாம். கிளப்பில் யாரும் விளக்குப் போடச் சொல்லவில்லை, இவராகத்தான் வந்திருக்கிறார். முப்பது வருஷமாக ஓட்டுகிறார், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஒரு கேஸும் இல்லாமல் ஸ்டியரிங்கை விட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. "துணி கட்டியிருக்கீங்களேண்ணே" என்றேன்.

"அது பகல்லதான் சிவப்பு, தம்பி. ராத்திரியில அதுவும் கறுப்புதான்."

ஏரியில் வெடித்த பல்புகள்

டிரெய்லரின் வால் முழுக்கப் படகுக்கு அடியில் ஒளிந்திருந்தது. அங்கே விளக்கு வைத்தால் அது படகின் வயிற்றுக்குத்தான் வெளிச்சம் காட்டும். பக்கத்துப் பட்டறையில் இரண்டு இரும்புக் கை வெல்டிங் வைத்து, படகின் முனையைத் தாண்டி வெளியே நீட்டி, கைக்கொரு சிவப்பு விளக்கு மாட்டினேன். பக்கவாட்டில் மூன்று மூன்றாக மஞ்சள் விளக்குகள். எரியவிட்டுப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் இரவு எல்லாம் செத்துத் திரும்பி வந்தன. படகை இறக்க டிரெய்லரையே தண்ணீருக்குள் ரிவர்ஸ் எடுப்பார்கள் என்பது ரோட்டை மட்டுமே தெரிந்த எனக்குத் தெரியாது. விடியற்காலையில் விளக்கெல்லாம் எரிய எரிய அண்ணன் ஏரிக்குள் இறக்கியிருக்கிறார். சூடான பல்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? ரப்பர் வைத்து அடைத்துவிட்டு, ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு பிளக் வைத்தேன். தண்ணீரில் இறக்குமுன் பிளக்கைப் பிடுங்கி பல்பை ஆறவிட வேண்டும், படகை ஏற்றியதும் மறுபடி சொருக வேண்டும். பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி இரண்டு தரம் அதைச் சொல்லிப்பார்த்துக்கொண்டார். அப்புறம் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டார்.

"மீனுங்கல்லாம் கம்ப்ளெய்ண்ட் பண்ணுது ரவி. 'யாருப்பா எங்க வீட்ல வந்து பட்டாசு கொளுத்துறது'ங்குது."

சேஷாத்ரி சார் பார்வையிட்டது

கிளப்பின் செயலாளர் சேஷாத்ரி சார். தார்நாகாவில் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஆராய்ச்சி செய்ய அவருக்குக் கிடைத்தது அந்தக் கிளப்தான். விளக்கு வைத்த சேதி கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை நேரில் வந்தார். டிரெய்லரை மூன்று சுற்றுச் சுற்றினார். ஒயரைத் தொட்டார், நிமிண்டினார், எத்தனை வாட் என்று கேட்டார். மாணிக்கம் அண்ணன் அட்டென்ஷனில் நின்றார்.

எட்டு விளக்கையும் எரியவிட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"எல்லாம் சரி மாணிக்கம். மாப்பிள்ளை எங்கே?"

தூக்கத்தில் வந்த கடல்

ஆனாலும் அந்த மாப்பிள்ளையில்லாத ஊர்வலம் வேலை செய்தது. ஹார்ன் ரிப்பேருக்கு வந்த கால் சென்டர் கார் டிரைவர் ஒருவர் சொன்னது இது. அல்வால் தாண்டி இருட்டில் போய்க்கொண்டிருந்தாராம். தூரத்திலேயே இரண்டு சிவப்பும் வரிசையாக மஞ்சளும் தெரிந்ததால் நிதானமாக வேகத்தைக் குறைத்திருக்கிறார். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெண், கார் மெதுவானதும் கண் விழித்து எட்டிப் பார்த்திருக்கிறாள். எதிரே கலர் விளக்கோடு படகு.

அவர் தெலுங்கில் சொல்லிச் சிரித்ததை மாணிக்கம் அண்ணனிடம் தமிழில் சொன்னேன். அன்றைக்கு அண்ணன் இரண்டு டீ குடித்தார்.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சாம்ணே: 'அண்ணா, நான் தூங்கி எழுறதுக்குள்ள வைசாக் கடலே வந்துடுச்சா?'"

மழை பெய்த ஞாயிறு

விளக்கு வைத்த எட்டாவது மாதம் அது நடந்தது. ஞாயிறு சாயங்காலம் ஏரியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த கம்பெனிக்காரர்கள் அவசரப்படுத்த, அண்ணன் தண்ணீருக்குள் டிரெய்லரை இறக்கிப் படகை ஏற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அல்வாலுக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் பின்னாலிருந்து வந்து டிரெய்லரின் வலது இரும்புக் கையில் மோதியது. ஓட்டிவந்த பையன் அங்கேயே போய்விட்டான். பிரபு என்று பெயர், கரூர்ப் பக்கம். நகரத்துக்கு வெளியே வாடகை குறைந்த இடத்தில் அறை எடுத்திருந்தவன், இரவு ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். அதற்கு முந்தின இரவும் அவனுக்கு ஷிஃப்ட்.

சேஷாத்ரி சார் எனக்கு ஃபோன் செய்தார். விளக்கு வைத்தவன் என்பதால் போலீஸ் என்னைக் கூப்பிடும் என்றார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"பேசவே மாட்டேங்கறான் ரவி. லைட் எரிஞ்சுது சார், எரிஞ்சுது சார்னு அதை மட்டும் சொல்றான்."

சேமியா

ஸ்டேஷன் வளாகத்தில் டிரெய்லரை நிறுத்தியிருந்தார்கள். வலது கை வளைந்து, விளக்கின் கண்ணாடி நொறுங்கியிருந்தது. பிளக் ஒழுங்காகச் சொருகியிருந்தது. ஜீப்பின் சுவிட்சைப் போட்டேன். மற்ற ஏழும் பளிச்சென்று எரிந்தன.

உடைந்த பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடிபட்ட கார்களின் பல்புகளை எத்தனையோ வருஷமாக மாற்றியவன் நான். எரிந்துகொண்டிருக்கிற பல்பின் இழை பாகு மாதிரி இளகியிருக்கும். அடி விழுந்தால் இழுபட்டு நீண்டு கோணிக்கொள்ளும், கண்ணாடி உடைந்து காற்றுப் பட்டால் கருகியும் போகும். அணைந்திருக்கிற பல்பில் அப்படி இல்லை. இழை சுருள் குலையாமல் பளபளவென்றே இருக்கும், நடுவில் மட்டும் சேமியா ஒடிந்த மாதிரி ஒரு முறிவு. என் கையில் இருந்தது சேமியா. மோதின நேரத்தில் விளக்கு எரியவில்லை.

எஸ்.ஐ. வந்து வயரிங் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். பல்பை இருந்த இடத்திலேயே திருகி வைத்துவிட்டு, "வயரிங் சரியா இருக்கு சார்" என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் நோட்டை மூடினார்.

"அப்போ சந்தேகமே இல்லை. பையன் தூங்கியிருக்கான்."

கரூரிலிருந்து வந்தவர்

இருபதாம் நாள் இரவு ஒருவர் கடைக்கு வந்தார். வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் ரெக்ஸின் பை. கைத்தறி சொசைட்டியில் குமாஸ்தாவாம். பிரபுவின் அப்பா. காரியத்தை ஊரில் முடித்துவிட்டு, மகனின் சாமான்களை எடுத்துப்போகத் திரும்ப வந்திருக்கிறார். விளக்கைச் சோதித்தது ஒரு தமிழ்க்காரர் என்று ஸ்டேஷனில் சொன்னார்களாம்.

ஸ்டூலைப் போட்டேன், உட்காரவில்லை. கோபமாக வந்த மாதிரியும் இல்லை. ஊரில் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், ராத்திரியெல்லாம் கண் விழித்தால் அப்படித்தான், பையன் அசந்திருப்பான் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். பையனின் அம்மாவுக்கு அந்தச் சொல்தான் தாங்கவில்லையாம். மறுநாள் காலை பத்து மணிக்கு அவருக்கு ரயில்.

"ஏனுங்க தம்பி, நீங்க வெவரம் தெரிஞ்சவங்க. நெசமாலுமே எம் பையன் தூங்கித்தான் போய் உளுந்தானுங்களா?"

லாலாகுடாவில் ஒரு வீடு

காலையில் வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டுக் கடையைப் பாதியில் மூடினேன். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. லாலாகுடாவில் மாணிக்கம் அண்ணன் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அண்ணன் முன்னறையில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"பல்பைப் பாத்துட்டேல்ல?" என்றார். தலையாட்டினேன். கரூர்க்காரர் வந்ததைச் சொன்னேன். அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார். மழையில் எல்லாரும் கத்தினார்களாம். கயிற்றை இறுக்கிக் கட்டினார், சக்கரத்தைப் பார்த்தார், பிளக்கை மறந்துவிட்டார். சத்தம் கேட்டு வண்டியை நிறுத்தி இறங்கியபோது, பின்னால் ஒரே இருட்டாக இருப்பதைப் பார்த்தார். நான் போய்ச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "நக்கோ ரவி, வேணாம். நானே வர்றேன்" என்றவர், சட்டையைத் தேடி எழுந்தார். எழுந்தவர் நின்றுவிட்டார்.

"பையனப் பாக்கறதுக்கு முன்னாடி நான் பிளக்கத்தான் போய்ச் சொருகுனேன். இத அவர்கிட்ட சொல்லணுமா, வேணாமா?"

ஏழு மணி

சொன்னார். கடை வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பிளக்கைச் சொருகினது வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னார். நான் நடுவில் பல்பு விஷயத்தை விளக்கினேன். அந்தப் பக்கம் ஷிஃப்ட் முடிந்த கார்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் அடி விழும் என்றே எதிர்பார்த்து நின்றார் என்று நினைக்கிறேன். விழுந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பெரியவர் அடிக்கவில்லை, அழவுமில்லை. ரெக்ஸின் பையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப எம் பையன் முழிச்சுத்தான் இருந்திருக்கானுங்க. அவங்கம்மாகிட்டச் சொல்லோணும்."

பச்சை பல்பு

அன்றைக்கே அண்ணனும் நானும் ஸ்டேஷனுக்குப் போய், அவர் சொல்ல வேண்டியதை அவரும், நான் விட்டதை நானும் எழுதிக் கொடுத்தோம். நோட்டை மூடிய எஸ்.ஐ. என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கேஸ் அண்ணன் மேல் திரும்பியது. லைசென்ஸ் போயிற்று, கிளப் வேலையும் போயிற்று. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கோர்ட்டுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் வந்தார். போகிறபோது, மூடியிருக்கிற என் கடைப் பக்கம்கூடப் பார்க்காமல் போவார் என்று பக்கத்துப் பட்டறையில் சொன்னார்கள்.

சேஷாத்ரி சார் புது டிரைவரோடு வந்தார். இனி இப்படி நடக்காமல் ஏதாவது செய் என்றார். ஜீப்பின் டேஷ்போர்டில், ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே ஒரு சின்னப் பச்சை பல்பு வைத்தேன். டிரெய்லருக்குக் கரண்ட் போய்ச் சேர்ந்தால் அது எரியும், பிளக் கழன்றிருந்தால் எரியாது. அரை மணி நேர வேலை. முறையாகத் தொழில் படித்தவன் முதல் நாளே வைத்திருப்பான். நான் செத்த வண்டிகளைப் பிரித்துப் பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றவன். என் கைக்கு வந்த வண்டி எதிலும் அப்படி ஒரு பல்பு இருந்ததில்லை. சார் பிளக்கைச் சொருகினார், பல்பு எரிந்தது. பிடுங்கினார், அணைந்தது. இன்னொரு தடவையும் செய்து பார்த்தார். என்னைக் குத்திக்காட்டுகிற மனிதர் இல்லை அவர், வாய்விட்டு யோசித்தார், அவ்வளவுதான்.

"இது அன்னிக்கே இருந்திருந்தா மாணிக்கம் பார்த்திருப்பான், இல்லியோ?"

ஐ.டி.ஐ.யில் முதல் வருஷமே சொல்லித்தந்துவிடுகிற ஒரு பச்சை பல்பை நானாகவே கற்றுக்கொள்வதற்கு, எனக்கு எட்டு மாதமும் கரூர்க்காரர் ஒருவருடைய பிள்ளையும் செலவாயிற்று.