திஜானி கண்டுபிடித்த இடங்கள்

பாலைவன ஓரத்துத் தூஸ் ஊரில் சோம்பேறிகளுக்குப் பஞ்சமில்லை. எந்தத் தேநீர்க் கடையில் எட்டிப் பார்த்தாலும் காலையிலேயே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்த இடத்தில் கிடப்பதால் அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. திஜானி அலைகிற சோம்பேறி. அது வேறு ரகம்.

அவனை நன்றாக அறிந்தவள் அண்ணன் மனைவி தெப்ரா. கணவன் மஸ்ஊத் சாகும்போது அவள் கையில் இரண்டு பொறுப்புகளை விட்டுப் போனான். ஒன்று, பைதா என்ற வெள்ளைப் பெண் ஒட்டகம். இன்னொன்று, இந்தத் தம்பி. ஒட்டகம் உருப்பட்டது.

திஜானி மணலில் ரோஜாப்பூ வடிவில் விளையும் கற்களை விற்க உட்கார்ந்தான். தூங்கிப்போனான். வெள்ளைக்காரர்களை ஒட்டகச் சவாரிக்குக் கூட்டிப்போனான். சவாரி முடிந்து ஒட்டகங்கள் திரும்பின, வெள்ளைக்காரர்களும் திரும்பினார்கள், இவன் மட்டும் ஏதோ மரத்தடியில் படுத்துக்கொண்டான். அப்படிப்பட்டவனிடம் எவளோ ஒரு சீமாட்டி, "உனக்கு நல்ல கண் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவன் கால் தரையில் படவில்லை. இரண்டு கட்டைவிரல்களையும் இரண்டு சுட்டுவிரல்களையும் சேர்த்துச் சட்டம் போல் பிடித்து, அதன் வழியாகத்தான் எதையும் பார்ப்பான். மணல்மேட்டைப் பார்ப்பான், மேகத்தைப் பார்ப்பான், ஒரு நாள் தெப்ரா வைத்த கஞ்சியையும் அப்படியே பார்த்தான். கரண்டி விழுந்தது முதுகில்.

படம் எடுக்க நல்ல இடம் பார்த்துக் கொடுக்கிறானாம். அதுதான் தொழில். பாலைவனத்தில் இடத்துக்கா குறைச்சல்? அது முழுக்க இடம்தானே! ஆனால் இவன் பார்த்தால்தான் அது இடமாகுமாம். பட்டுப்போன மரத்தில் ஊஞ்சல் கட்டினான். தெப்ராவின் ஆட்டுக்கொட்டகையில் இருந்த நீலக் கதவைக் கழற்றிக்கொண்டுபோய் நட்ட நடு மணலில் நிறுத்தினான். வீடும் இல்லை, சுவரும் இல்லை, கதவு மட்டும் நிற்கிறது. படித்த மனிதர்கள் அதைத் தட்டி, திறந்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்ச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆடுகள் கதவில்லாமல் பக்கத்து வீட்டுக் கீரையைத் தின்று, அதற்கான ஏச்சைத் தெப்ரா வாங்கினாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். வருபவர்களுக்கு ஆள் கால் படாத மணல் வேண்டும் என்று ஒரு பேரீச்ச மட்டையை எடுத்துக்கொண்டு விடியுமுன்னே போய் மேட்டைப் பெருக்க ஆரம்பித்தானே, அதில்தான் வினை வந்தது. வீட்டு முற்றத்தை ஒருநாளும் பெருக்காதவன் பாலைவனத்தைப் பெருக்கினான்.

அது குளிர்காலம். பைதா சினையாக இருந்தது. மூன்று வருஷம் வெறுமனே கிடந்து பிடித்த சினை. அதற்கு முந்தைய ஈற்றில் யாருக்கும் தெரியாமல் மணலுக்குள் போய்க் குட்டி போட்டது. துணைக்கு ஆளில்லாத குட்டியை இரவில் நரி இழுத்துப் போயிற்று. இந்த முறை விடக்கூடாது என்று தெப்ரா அதை ஆட்டுக்கொட்டகைக்குள் விட்டு வாசலிலேயே படுத்தாள். என்ன செய்ய, கதவில்லாத கொட்டகை. அவள் கண் அசந்த நேரத்தில் பைதா அவளைத் தாண்டிப் போய்விட்டது.

காலையில் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பைதாவின் இடது பின்னங்கால் உள்பக்கம் திரும்பி விழும். கூட்டத்தில் போனாலும் அந்தத் தடம் தனியாகத் தெரியும். பெரிய மேட்டின் அடிவரை வந்தது. அங்கே அறுந்துபோயிற்று. மேடு முழுக்க எண்ணெய் தேய்த்து வாரிய தலை போல வழவழவென்று இருந்தது. சுற்றிக்கொண்டு போய் மறுபுறம் பார்த்தாள். மறுபுறம் வெள்ளைக் கட்டாந்தரை. அதில் யானை நடந்தாலும் தடம் விழாது.

மேட்டின் ஓரத்தில் திஜானி மோட்டார் வண்டியை நிறுத்தி, துணிப்பந்தல் போட்டுத் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். பக்கத்தில் துனீஸ் நகரத்திலிருந்து வந்த புதுமண ஜோடி. பெண்ணின் பெயர் யுஸ்ரா. அவள் போட்டிருந்த மஞ்சள் உடுப்பின் வால் மணலில் கிடந்தது. ஒரு கூடாரத்துக்குத் தேவையான துணி அந்த வாலிலேயே இருந்தது.

"யாருடா இங்க வாரினது?" என்றாள் தெப்ரா.

"நாந்தான் அண்ணி. எப்படி இருக்கு பாத்தீங்களா? கண்ணாடி மாதிரி!"

"இதுல ஒரு ஒட்டகத் தடம் போயிருக்கணுமே."

"ஆமா, ஏதோ ஒண்ணு போயிருந்துச்சு. படத்துக்குக் குறுக்கே, கோணலா. அழிச்சிட்டேன்."

"ஏதோ ஒண்ணா?" தெப்ரா இடுப்பில் கை வைத்தாள். "உங்கண்ணன் ஒட்டகம்டா அது! அந்தக் கோணல் காலுக்குப் பின்னாடியே நடந்துதானேடா நீ வளந்தே! தூஸ்ல பொறந்தவன் தடத்தப் பாத்தா யாரு வீட்டுதுன்னு கேக்காம இருப்பானா?"

"நான் கீழ பாக்கல அண்ணி. வெளிச்சத்தப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"வெளிச்சம் எங்கடா போயிடப்போகுது? அது கழுத, தினம் வருது. பைதா மறுபடி சினை பிடிக்குமா? எந்தப் பக்கம் போச்சு?"

திஜானி விரல்களைச் சட்டமாகப் பிடித்து நாலு திசையும் பார்த்தான். ஒரு திசையும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. தெப்ரா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"சரி, கொழுந்தனாரே. இத்தனை வருஷம் இடம் இடம்னு சுத்துனீங்களே, இன்னிக்கு ஒரு நாளாவது அது பிரயோசனப்படட்டும். காத்து இல்லாம, ஆள் நடமாட்டம் இல்லாம, மறைவா ஒரு இடம். எங்க இருக்கு?"

"ஊஞ்சல் மரம்..."

"அங்க சந்தைக் கூட்டம்."

"கதவு..."

"அந்தப் பேச்ச எடுக்காதே. வேற?"

"வேற ஒண்ணும் இல்லையே அண்ணி." சொல்லிக்கொண்டே காதைச் சொறிந்தான். பொய் சொன்னால் அவனுக்குக் காது அரிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அப்போது யுஸ்ரா வாய் திறந்தாள். "ஏன் இல்ல? சாயங்காலம் ஒரு பள்ளத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களே? சுத்தி மேடு, உள்ளே சவுக்கு மாதிரி மரங்கள், ஈ காக்கா கிடையாதுன்னு?"

தெப்ரா கொழுந்தனைப் பார்த்தாள். அவன் தேநீர்க் கெட்டிலைப் பார்த்தான்.

"அண்ணி, அது யாருக்கும் காட்டாம வச்சிருக்கிற இடம். இப்பவே போனா சாயங்காலத்துக்குள்ள தடம் விழுந்துடும்..."

"விழட்டும். வண்டிய எடுடா."

ஜோடியும் ஏறிக்கொண்டது. தனியாக விட்டுப்போக முடியுமா, அதுகளுக்கு ஊருக்கு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. வண்டி முழுக்க வெள்ளை மெத்தை, குஞ்சம் வைத்த தலையணை, படத்துக்கு விரிக்கிற சிவப்புக் கம்பளம்.

பள்ளத்தின் விளிம்பில் இறங்கிப் பார்த்தார்கள். கீழே மர நிழலில் பைதா நின்றது. அதன் காலடியில் நனைந்த மூட்டை போல ஒன்று நடுங்கிக்கொண்டு கிடந்தது. திஜானி அவ்வளவு நாள் பொத்திவைத்த இடத்தை ஓர் ஒட்டகம் ஒரே இரவில் கண்டுபிடித்துவிட்டது, அதுவும் விரலைச் சட்டமாகப் பிடிக்காமல்.

தெப்ரா கடவுள் பெயரைச் சொல்லி மூச்சு விடுவதற்குள் திஜானி கையில் கைபேசி வந்துவிட்டது. "அண்ணி, நகராதீங்க! யுஸ்ராம்மா, நீங்க குட்டி பக்கத்துல போய் உக்காருங்க. மஞ்சளும் வெள்ளையும்... ஐயோ, என்ன வெளிச்சம்!"

யுஸ்ரா இரண்டு அடி இறங்கினாள். அந்த மஞ்சள் வால் காற்றில் எழும்பிப் படபடத்தது. பைதா மிரண்டு குட்டியை விட்டு விலகியது. இன்னும் விலகியது. ஈன்ற உடனே மிரண்டு போன ஒட்டகம் குட்டியைத் திரும்பி மோந்து பார்க்காவிட்டால் பிறகு மடி கொடுக்காது.

"எல்லாரும் மேட்டுக்கு அந்தப் பக்கம் போங்க," என்றாள் தெப்ரா. குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் மாப்பிள்ளை முதலில் ஓடினான். "திஜானி, அந்தக் கம்பளத்தப் போட்டுட்டுப் போ."

"அண்ணி, அது கைரவான் கம்பளம், வெல அதிகம்..."

"போடுடா."

கம்பளத்தோடு மெதுவாகச் சறுக்கி இறங்கினாள். குட்டியின் மூக்கிலும் வாயிலும் இருந்த சளியை விரலால் வழித்தாள். ஒட்டகம் பசுவைப் போல நக்கிக் காயவைக்காது, மனிதக் கைதான் துடைக்க வேண்டும். கைரவான் கம்பளம் முதல் தடவையாக ஒரு வேலைக்கு ஆயிற்று. துடைத்துவிட்டுக் குட்டியை நிழலில் விட்டு, தானும் தள்ளிப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பைதாவைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் அதற்கு வெட்கம். மஸ்ஊத் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டும்போது பாடிவந்த பாட்டை மூக்குக்குள்ளேயே முனகினாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள். யார் என்று தெரியும். மனசுக்குள் ஏசிக்கொண்டாள்.

நிழல் நீண்டது. பின்னால் மணல் மெல்ல நெரிந்தது. பிறகு ஒரு நீளமான மூச்சு, தொண்டைக்குள் ஓர் உறுமல். குட்டி பதிலுக்குக் கத்தியது. அப்புறமும் தெப்ரா திரும்பவில்லை. சப்பென்று பால் உறிஞ்சுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மணல் விழுந்த மாதிரி.

குட்டியை வெள்ளை மெத்தையில் கிடத்தி, வண்டியின் பின்கதவைத் திறந்தே வைத்தார்கள். அப்போதுதான் தாய் மோந்துகொண்டே பின்னால் வரும். அது நடக்கிற நடைக்குத்தான் வண்டியும் போக வேண்டும். மாப்பிள்ளை குட்டியின் காலைப் பிடித்துக்கொண்டான், யுஸ்ரா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் வால் என்ன நிறமானது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. அதற்காகத் தெப்ரா அவளுக்கு மட்டும் கொஞ்சம் பேரீச்சம்பழம் கொடுத்தாள்.

வழியில் சூரியன் இறங்கியது. வானம் மாதுளை பிளந்த மாதிரி ஆயிற்று. திஜானி வாழ்நாள் முழுக்கத் தேடின வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் கை ஸ்டீயரிங்கை விட்டு மெல்ல எழும்பி, விரல்கள் சட்டமாகச் சேர ஆரம்பித்தன.

"முன்னால பாத்து ஓட்டு," என்றாள் தெப்ரா.

மறுநாளே கதவு கொட்டகைக்குத் திரும்பியது. பெருக்குவதை மட்டும் அவன் விடவில்லை, விட்டால் திஜானி ஆவானா? இப்போது ஒரு தடத்தை அழிப்பதற்கு முன் அதைக் கைபேசியில் படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறான். "அண்ணி, இது யாரோடது? அழிக்கலாமா?" என்று வாசலில் நிற்கிறான். அவன் எடுத்த படங்களில் உருப்படியானவை அவைதான். தெப்ரா பால் கறந்துகொண்டே எட்டிப் பார்த்துச் சொல்வாள்.

போன வாரம் கொண்டுவந்த படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு அவன் காலைப் பார்த்தாள்.

"அழிச்சுக்கோ," என்றாள். "அது உன் செருப்பு."